மேடுபள்ளத்தில் வழிவிலகும் பழைய மோட்டார் வண்டி

கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதியனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, எதைப்பற்றி எழுதுவதென்று யாம் சிறிது தயங்கினோம். இலக்கியமும் சமயமும் வரலாறும் எழுதவல்லார் பலர் இம்மலரை அணிசெய்வர். யாமோ கல்லூரியை விட்டகன்றபின் இங்கிலாந்து சென்று, இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தோம். ஆகவே கையறிந்த பொருளொன்றையே எழுதத் துணிந்தோம். மேடுபள்ளமுள்ள வீதியிற் செல்லும்போது பழைய ஸ்போட்ஸ் கார் ஒருபக்கமாக இழுப்பது ஏன்? அதன் காரணத்தை எங்ஙனம் கண்டறியலாம்? இக்கேள்வி மோட்டார் ஓட்டுவார்க்கு மாத்திரம் உரியதன்று என்பது இறுதியிற் புலனாகும்.

எம்மிடம் 1967ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற எம்.ஜீ.பி. வண்டி ஒன்று உண்டு. இவ்வகை வண்டிகள் இங்கிலாந்திலுள்ள அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962ஆம் ஆண்டு தொடங்கி 1980ஆம் ஆண்டுவரை, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனவாகச் செய்யப்பட்டன. எம்முடைய சகோதரியின் மகன் படிப்பின் பொருட்டு எம்மோடு தங்கியிருந்தகாலை, அவ்வண்டியை அவன் ஓட்டுவதற்கு இசைந்தோம். முதல்நாளே, கிராமப்புறத்து ஒடுங்கிய பாதையொன்றில், சிறு பாலத்தின் மேட்டை ஏறியிறங்கியபோது வண்டி சட்டென்று இடப்பக்கம் பாய்ந்து, வேலியோரப் புல்லை உராய்ந்து நின்றது. எவர்க்கும் ஊறு நேரவில்லை. ஆயினும் யாம் அவனைக் கடிந்துகொண்டோம். "கை நடுங்குகிறது, சுக்கானை உறுதியாகப் பிடிக்கத் தெரியவில்லை" என்றோம். "இல்லை மாமா, வண்டிதான் இழுத்தது" என்று அவன் சொன்னதை யாம் செவிமடுக்கவில்லை. யாம் ஓட்டும்போதும் அவ்வண்டி சிறிது இழுப்பதுண்டு. பல்லாண்டுப் பழக்கத்தால் எம் கை, எம்மை அறியாமலே அதனைத் திருத்தி வந்தது. அந்த உண்மை அப்போது எமக்குப் புலப்படவில்லை. அன்றுமுதல் அவன் அவ்வண்டியைத் தொடவில்லை.

பின்னர் வண்டியைத் திருத்தகம் ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். அங்கே முன்ரயர்கள் இரண்டையும் மாற்றினர். இணைப்புக்கோல்களின் நுனி மூட்டுக்களை மாற்றினர். சில்லுகளின் நேர்மையை அளந்து, எல்லாம் சரி என்றனர். பணம் கைமாறியது, இழுப்பு மாறவில்லை. அப்பொழுதுதான், மாணவப் பருவத்திற் பௌதிக ஆய்வுகூடத்திற் கற்ற முதற்பாடம் நினைவுக்கு வந்தது: அளவாமல் முடிவு கூறாதே.

அளப்பதற்கு முன் தத்துவத்தை விளக்குவாம். சில்லொன்று மேட்டில் ஏறும்போது நேர்கோட்டில் உயர்வதில்லை. மேற்கரம், கீழ்க்கரம் என்னும் இரு கரங்கள் அதனைத் தாங்குகின்றன. இக்கரங்களின் உள்நுனிகள் வண்டியின் சட்டத்திற் கீல்போற் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே வெளிநுனிகள் வட்டவில் வழியே மேலுங்கீழும் செல்கின்றன. சில்லைத் திருப்புவதற்கென மூன்றாவது உறுப்பொன்றும் உண்டு. அதுவே இணைப்புக்கோல், தொழிலாளர் இதனை 'ரை றொட்' என்பர். சுக்கானைத் திருப்ப, சிறு பற்சில்லொன்று சுழன்று, பற்கள் வெட்டிய நீண்ட சட்டமொன்றை இடமாகவோ வலமாகவோ தள்ளுகிறது. இச்சட்டத்தைப் பற்சட்டம் என்பாம். பற்சட்டத்தின் இருநுனியிலும் பூட்டப்பெற்ற இணைப்புக்கோல்கள், சில்லோடு சேர்ந்த திருப்புகரங்களைத் தள்ளியும் இழுத்தும் சில்லுகளைத் திருப்புகின்றன.

இணைப்புக்கோலின் வெளிநுனியும் சில்லோடு மேலுங்கீழும் சென்றாகவேண்டும். அதுவும் தனக்குரிய வட்டவில்லிலேயே செல்லும். கரங்கள் வரையும் வில்லும் இணைப்புக்கோல் வரையும் வில்லும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தால், சில்லு உயரும், தாழும், திரும்பமாட்டாது. இசையாவிடின், சாரதி சுக்கானை அசையாது பிடித்திருப்பினும், சில்லு உயருந்தோறும் இணைப்புக்கோல் அதனைத் தள்ளியோ இழுத்தோ திருப்பிவிடும். கரும்பலகையில் ஒரே நீளமுள்ள இரு கயிறுகளைக் கொண்டு, வெவ்வேறு மையங்களில் இரு வட்டவில்களை வரைந்து பாருங்கள். ஓரிடத்தில் அவை தொட்டுக்கொள்ளினும் அப்பாற் செல்லச்செல்ல விலகும். அவ்விலகலே வண்டியின் இழுப்பு.

இசைவுக்குக் கேத்திரகணிதம் கூறும் விதி எளிது. வண்டியை முன்னின்று நோக்குவதாகக் கொள்க. மேற்கரத்தின் கோட்டையும் கீழ்க்கரத்தின் கோட்டையும் நீட்டினால் அவை ஒரு புள்ளியிற் சந்திக்கும். அக்கணத்திற் சில்லு அப்புள்ளியைச் சுற்றியே அசைகிறது. இணைப்புக்கோலின் கோடும் அப்புள்ளியின் ஊடாகவே செல்லவேண்டும். அன்றியும், அதன் உள்நுனி இரு கரங்களின் உள்நுனிகளையும் இணைக்கும் கோட்டையொட்டி அமைந்து, நீளமும் அவற்றோடு பொருந்தவேண்டும். உயரமும் நீளமும் என்ற இவ்விரண்டில் எது பிழைத்தாலும் இசைவு குலையும்.

எம்.ஜீ.பி. வண்டியின் முன்னமைப்பு, மொறிஸ் மைனரை ஆக்கிய அலெக் இஸிகோனிஸ் என்பார் வேறொரு எம்.ஜீ. வண்டிக்கென வகுத்த அமைப்பின் வழிவந்தது. அவ்வண்டி 1947ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரிலும் 1948ஆம் ஆண்டுமுதல் பற்சட்டச் சுக்கானே அமைந்தது. இரண்டிலும் எண்ணெய் நிறைந்த அதிர்வடக்கியின் கரமே மேற்கரமாகவும் தொழிற்படுகிறது. ஆகவே ஈண்டுக் கூறுவனவற்றுட் பல மைனர் வைத்திருப்பார்க்கும் பயன்படும். ஒரு வேறுபாட்டை மாத்திரம் நினைவிற் கொள்ளல்வேண்டும். எம்.ஜீ.பி.யிற் பற்சட்டம் சில்லின் அச்சுக்கு முன்னாலும், மைனரில் அச்சுக்குப் பின்னாலும் உள்ளது. ஆதலால் இணைப்புக்கோல் வெளியே தள்ளும்போது, முன்னதிற் சில்லின் முன்பக்கம் வெளிநோக்கியும், பின்னதில் உள்நோக்கியும் திரும்பும்.

இனி, காரணம் காணும் முறையைப் படிப்படியாகக் கூறுவாம்.

முதலாவது, வண்டி எப்பொழுது இழுக்கிறது என்று அறிதல். சமமான வீதியில் எப்பொழுதும் இழுத்தால் ரயரையோ சில்லுகளின் நேர்மையையோ ஐயுறலாம். தடையை மிதிக்கும்போது மாத்திரம் இழுத்தால் தடையின் பிழை. மேடுபள்ளத்தில் மாத்திரம் இழுத்தால் யாம் இப்போது பேசும் பிழை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. இடச்சில்லு மேட்டில் ஏறும்போது ஒருபக்கமும், வலச்சில்லு ஏறும்போது மறுபக்கமும் இழுக்குமாயின், பிழை இருபுறமும் ஒத்ததாக உள்ளது. வண்டியின் வில்களை வெட்டித் தாழ்த்தியவர்கள் இதனைப் பெரும்பாலும் காண்பர். இரு சில்லுகளும் ஒருங்கே ஏறினும் எப்பொழுதும் ஒரேபக்கம் இழுக்குமாயின், பிழை ஒருபுறத்தில் மாத்திரம் உள்ளது. எம் வண்டி எப்பொழுதும் இடப்பக்கமே பாய்ந்தது. வீதிகள் நீர்வடியும்பொருட்டு ஓரத்தை நோக்கிச் சரிந்திருத்தலால், இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் வண்டி சிறிது இடப்புறம் சாய்வது இயல்பு. அதனைப் பிழையென மயங்காதிருக்க, சரிவற்ற வெளியொன்றில் ஓட்டிப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, ரயர். இருபுறமும் காற்றழுத்தம் ஒன்றாயிருத்தல் வேண்டும். பின்னர் இட ரயரை வலத்திலும் வல ரயரை இடத்திலும் பூட்டி ஓட்டுக. இழுப்பும் பக்கம் மாறினாற் குற்றம் ரயரினுடையது. மாறாவிட்டாற் குற்றம் வேறிடத்தில். இச்சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. புது ரயர் வாங்குவதற்கு முன் யாம் இதனைச் செய்திருக்கவேண்டும்.

மூன்றாவது, தளர்வு. முன்சில்லை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் வண்டியை நிறுத்துக. சில்லை மேலுங்கீழும் பிடித்து அசைக்க, தளர்வு தென்படின் கிங்பின்னோ சில்லின் பெயறிங்கோ தேய்ந்துள்ளது. இவ்விரண்டில் எதுவென்று அறிய எளிய உபாயம் உண்டு: ஒருவர் தடையை மிதித்திருக்க மற்றொருவர் அசைக்கவேண்டும். தளர்வு மறைந்தால் அது பெயறிங்கினுடையது; மறையாவிட்டாற் கிங்பின்னினுடையது. எம்.ஜீ.பி.யின் கிங்பின்களுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் இடல்வேண்டும். அதனை மறந்தோர் பலர். சில்லை இடப்புறமும் வலப்புறமும் பிடித்தசைக்கத் தளர்வு தென்படின் இணைப்புக்கோலின் மூட்டுக்களைப் பார்க்க. கீழ்க்கரத்தின் உள்நுனியிலுள்ள றப்பர் புஷ்களை இரும்புக்கோலால் நெம்பிப் பார்க்க. நாட்பட்ட றப்பர் நைந்து, கரத்தின் மையமே இடம்பெயர்ந்திருக்கும்.

நான்காவது, அதிர்வடக்கிகளும் பின்னச்சும். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுக. அது பலமுறை ஆடினால் அவ்வடக்கி தளர்ந்தது. ஒருபுற அடக்கி மாத்திரம் தளர்ந்திருந்தால், மேட்டில் வண்டி கோணலாக எழும்பும். பின்னச்சு தகட்டுவில்களின்மேல் அமர்ந்துள்ளது. வில்லின் நுனிப் புஷ் நைந்தாலும், வில்லை அச்சோடு பிணைக்கும் வளைந்த போல்ற்றுக்கள் தளர்ந்தாலும், தகடு உடைந்தாலும், அச்சு சிறிது திரும்பி வண்டியைப் பின்னிருந்து செலுத்தும். முன்னே தேடித்தேடிக் களைத்தவர்க்கு விடை சிலவேளை பின்னே இருப்பதுண்டு.

இவையெல்லாம் பார்த்தபின் எமக்குக் கிடைத்தது ஒன்றே: இடக் கீழ்க்கரத்தின் புஷ்கள் நைந்திருந்தன. அவற்றை மாற்றினோம். சுக்கானில் உறுதி தோன்றியது. ஆனால் இழுப்பு நீங்கவில்லை. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன்பின்னரே மற்றொன்றைத் தொடுதல் வேண்டும் என்பதனை இங்கே வற்புறுத்துகின்றோம். பலவற்றை ஒருங்கே மாற்றினாற் பிழை நீங்கியதேனும் நீங்காததேனும் யாதொன்றும் விளங்காது.

ஐந்தாவது படியே முக்கியமானது. திருத்தகத்தார் சில்லுகளின் நேர்மையை அளந்து 'சரி' என்றது பொய்யன்று. எம்.ஜீ.பி.யின் முன்சில்லுகள் முன்பக்கத்தில் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு முதல் முப்பத்திரண்டில் மூன்று பங்குவரை, அஃதாவது சுமார் 1½ முதல் 2⅓ மில்லிமீற்றர்வரை, உள்நோக்கியிருத்தல் வேண்டும். எம் வண்டியில் அவ்வாறே இருந்தது. ஆயின் அவர்கள் அளந்தது நிற்கும் வண்டியை. பிழையோ அசையும்போது மாத்திரம் பிறப்பது. அசைவிற் பிறக்கும் பிழையை அசைத்தே அளக்கவேண்டும்.

அதனை அளக்கும் வகை இதுவாகும். வண்டியின் சட்டத்தைத் தாங்கிகளின்மேல் மட்டமாக நிறுத்தி, சுக்கானை நேர்நிலையில் அசையாது கட்டுக. முன் சுருள்வில்களைக் கழற்றுக. அழுத்தப்பட்ட வில்லிற் பெருஞ்சக்தி அடங்கியுள்ளது. தவறி விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே பழகியவர் உடனிருந்தாலன்றி இதனைச் செய்தல் ஆகாது. வில் நீங்கியபின் சில்லை ஜாக்கியால் விரும்பிய உயரத்துக்கு ஏற்றியிறக்கலாம். சில்லின் வெளிமுகத்தில் நேரான பலகையொன்றைப் பொருத்தி, சற்று அப்பால் அசையாத மற்றொரு பலகையை நிறுத்துக. சில்லின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இரு பலகைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க. இரண்டின் வித்தியாசம் மாறினாற் சில்லு திரும்பியது என்பது பொருள். வண்டி இயல்பாக நிற்கும் உயரத்தை நடுநிலையாகக் கொண்டு, 50 மில்லிமீற்றர் மேலும் 50 மில்லிமீற்றர் கீழுமாக, சிறிது சிறிதாக அசைத்து, அளவுகளைக் கட்டத்தாளிற் குறித்துக்கொள்க.

எம் வண்டியின் வலச்சில்லு முழு அசைவிலும் அரை மில்லிமீற்றருக்குமேல் திரும்பவில்லை. இடச்சில்லோ 25 மில்லிமீற்றர் உயர்ந்தபோது ஏறத்தாழ 1¼ மில்லிமீற்றரும், 50 மில்லிமீற்றர் உயர்ந்தபோது ஏறத்தாழ 2½ மில்லிமீற்றரும் வெளிநோக்கித் திரும்பியது. தாழ்ந்தபோது அதேயளவு உள்நோக்கித் திரும்பியது. இரு சில்லுகளுக்கும் சேர்த்து விதித்த நேர்மை 2⅓ மில்லிமீற்றரைத் தாண்டாதிருக்க, ஒரு சில்லே ஒரு மேட்டில் 2½ மில்லிமீற்றர் திரும்பினால் வண்டி நேரே செல்வதெங்ஙனம்?

கட்டத்தாளிற் குறித்த புள்ளிகளின் வடிவமே காரணத்தையும் உரைக்கும். புள்ளிகள் சாய்ந்த நேர்கோடாக அமைந்தால், அஃதாவது உயரும்போது ஒருபக்கமும் தாழும்போது மறுபக்கமும் திரும்பினால், இணைப்புக்கோலின் ஒரு நுனி உரிய உயரத்தில் இல்லை. புள்ளிகள் வளைந்து, உயரினும் தாழினும் ஒரேபக்கம் திரும்பினால், கோலின் நீளமோ அதன் உள்நுனியின் இடமோ பொருந்தவில்லை. எமக்குக் கிடைத்தது சாய்ந்த நேர்கோடு. உள்நுனி மிக உயர்ந்திருந்தால், கோல் வெளிநோக்கித் தாழ்ந்து சரிந்திருக்கும். சில்லு உயரும்போது அது கிடைநிலையை நெருங்கி, திருப்புகரத்தை வெளியே தள்ளும். திருப்புகரம் முன்னால் இருத்தலால், இடச்சில்லு இடப்பக்கம் திரும்பும். வண்டி செய்ததும் அதுவே.

ஆகவே பற்சட்டத்தின் இடப்பக்கத் தாங்கியை நோக்கினோம். தாங்கிக்கும் வண்டியின் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய தகடுகள் இடப்படுவதுண்டு. முன்னொருகால் பழுதுபார்த்த எவரோ இடப்பக்கத்தில் தகடுகளை மிகுதியாக அடுக்கியிருந்தார். அப்பக்கம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. மிகையான தகடுகளை நீக்கிப் பற்சட்டத்தை மட்டமாக்கி மீண்டும் அளந்தோம். இடச்சில்லும் வலச்சில்லைப் போலவே அரை மில்லிமீற்றருக்குள் அடங்கியது. சுக்கான் தண்டின் மூட்டு இறுகாமற் சுழல்கிறதா என்று சோதித்து, இறுதியாக நேர்மையையும் மறுபடி வைத்தோம். இவ்வேலைக்குப் புதிய உறுப்பு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இசைவைப் பெறுவதற்கெனத் திருப்புகரத்தை நெருப்பிற் காய்ச்சி வளைப்போர் உளர். அதனை ஒருபோதும் செய்யற்க. சூட்டினால் உருக்கின் வலிமை குன்றும். அக்கரம் முறிந்தால் வண்டி சாரதியின் ஆளுகையில் இராது. வண்டியைத் தாழ்த்தியதனாற் பிழை நேர்ந்திருந்தால், முதலில் உரிய உயரத்துக்கு அதனை மீட்பதே தக்கது.

வேலை முடிந்த மறுநாள் மருமகனை அழைத்துச் சுக்கானின்முன் இருக்கச் செய்தோம். அவன் தயங்கினான். "அன்று சொன்னது நீ சரி, யாம் பிழை" என்றோம். அதே பாதையில், அதே பாலத்தில், அதே வேகத்தில் ஓட்டினான். வண்டி எழும்பியது, இறங்கியது, நேரே சென்றது. அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பிவந்து மறுமுறையும் அப்பாலத்தைக் கடந்தான்.

ஐந்து மில்லிமீற்றர்த் தகட்டின் குற்றத்தை ஓர் இளைஞனின் கைமேற் சுமத்தினோமே என்ற நாணம் எமக்கு இன்றும் உண்டு. நிற்கும்போது நேராகத் தோன்றுவது செல்லும்போதும் நேராயிருக்கும் என்று கொள்ளுதல் தவறு. பிழை கண்டவிடத்து, எதிரில் நிற்பவரை நோவதற்கு முன், அளவுகோலைக் கையிலெடுத்தல் வேண்டும். இப்பாடத்தை எம் ஆசிரியர்கள் ஆய்வுகூடத்து மேசையருகே நின்று கற்பித்தனர். யாம் அதனை முழுதும் உணர்வதற்கு ஒரு பழைய வண்டி வேண்டியதாயிற்று. இன்று அம்மேசைகளருகே நிற்கும் மாணவர்கள் எம்மினும் விரைவில் இதனை உணர்வாராக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.